எட்டில் நான்கு

எழுத்துகள் உடம்பில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. கொப்பூழிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற மூன்று இடங்களில் நிற்கிறது. பிறகு பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற ஐந்தோடு சேர்ந்து எழுத்தாகிறது. ஆக மொத்தம் எட்டு இடம். இதைப் படித்த அன்றைக்கு நான் விரல்விட்டு எண்ணினேன். பல், இதழ், மூக்கு, அண்ணம். எட்டில் நான்கு எனக்குப் பிறவியிலேயே பழுது.

அதே இயலில் இன்னொரு செய்தி இருக்கிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று இன எழுத்துகள் ஜோடி ஜோடியாக ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. மெல்லினத்துக்கு மூக்கின் காற்றும் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘ப’ சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி, அதாவது உள்நாக்கு தொங்கும் அந்த மெத்தென்ற சதை, மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடும். ‘ம’ சொல்லும்போது திறந்துவிடும். ஒரு கதவுதான். அண்ணம் பிளந்து பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு சரியாக மூடாது. வல்லினமெல்லாம் மூக்கு வழியாகக் கசிந்து மெல்லினமாகிவிடும். நான் சிறுவனாக இருந்தபோது ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் ‘மாண்ணி’ என்று கேட்கும். ‘தட்டு’ என்றால் ‘நண்ணு’. எனக்குப் புத்தி மந்தம் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். உண்மையில் என் வாயில் வல்லினம் இல்லை, அவ்வளவுதான்.

(நடுவில் ஒன்று. சுவரொட்டிகளிலும் செய்திகளிலும் ‘அன்னப்பிளவு’ என்றே போடுகிறார்கள். அன்னம் என்றால் சோறு, இல்லாவிட்டால் பறவை. பிளந்திருப்பது அண்ணம். இந்த வியாதிக்காரனுக்கு ண, ன இரண்டும் சுத்தமாக வரும். அதனால் எனக்கு இந்தத் தப்பு கொஞ்சம் உறுத்துகிறது.)

எங்கள் ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது. தறி ஊர். என் உதட்டுக்குக் காரணம் என்ன என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. “கிரகணத்தன்னிக்கு உங்கம்மா அருவாமனைல காய் நறுக்கிட்டா, அதான்டா கண்ணு” என்று பக்கத்து வீட்டு ஆயா என்னிடமே பாசமாகச் சொல்லுவார். கிரகண மூளி என்று ஒரு பெயரும் உண்டு. மூளி என்றால் குறைபட்டது. அம்மா அப்படி எதையும் நறுக்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. கருவில் மேலுதடு இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து ஏறக்குறைய ஏழாவது வாரத்துக்குள் ஒட்டிவிடுகிறது. அண்ணம் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே உறுதியாவதற்குள் உதட்டு வேலை முடிந்துவிடும். உலகத்தில் ஏறத்தாழ எழுநூறு குழந்தைக்கு ஒன்று இந்தப் பிளவோடு பிறக்கிறது, கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பரம்பரை, மருந்துகள், புகை, சத்துக்குறைவு என்று பல காரணங்கள் சேர்ந்து வருவதாக மருத்துவம் சொல்கிறது. ஒருத்தியின் அருவாமனையை மட்டும் பிடித்துக்கொள்வது ஊருக்குச் சுலபம்.

மூன்று வயதில் சென்னையில் உதட்டைத் தைத்தார்கள். ஒன்பது வயதில் அண்ணத்தைத் தைத்தார்கள். அண்ணத் தையலில் முன்பக்கம் ஒரு ஓட்டை விட்டுப்போனது, வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு. இது அபூர்வமான விஷயம் இல்லை, நிறைய பேருக்கு நடப்பதுதான். ரசம் சாப்பிட்டால் மூக்கில் வரும். கல்யாணப் பந்தியில் உட்காராமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த சாக்குகளை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஆனால் உதடு ஒட்டியதும் வீட்டில் எல்லோரும் ‘சரியாயிடுச்சு’ என்று முடிவு செய்துவிட்டார்கள். இந்த ‘சரியாயிடுச்சு’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதடு மற்றவர்கள் பார்ப்பது, அண்ணமும் பல்லும் நான் வைத்துக்கொண்டு வாழ்வது. இந்த வியாதியின் வரலாறும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது.

உதட்டின் கதை பழையது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவில் வெய் யோங்சி என்று ஒரு இளைஞன் பிளந்த உதட்டோடு இருந்தான். பதினெட்டு வயது, ஏழை. ஜிங்ஜோ மாகாண ஆளுநரிடம் இதைத் தைக்கத் தெரிந்த வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனான். வெட்டித் தைத்துவிடலாம், ஆனால் நூறு நாள் கஞ்சி மட்டும்தான், பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்றார் வைத்தியர். பாதி ஆயுள் பேசாமல் இருக்கச் சொன்னாலும் இருப்பேன், நூறு நாள் ஒரு விஷயமா என்கிற மாதிரி அவன் பதில் சொன்னதாக ஜின் வம்ச வரலாற்று நூலில் இருக்கிறது. பிற்காலத்தில் அவனே அந்த மாகாணத்துக்கு ஆளுநரானான். அந்த ஜிங்ஜோ இன்றைய ஹூபெய் மாகாணத்தில் இருக்கிறது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் தலைமுறைகளாகப் பல் கட்டிவந்த சீனக் குடும்பங்கள் வந்ததும் அதே ஹூபெய்யிலிருந்துதான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குத் தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது, அதனால் சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பெருமை மூக்கு. திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள். காது, மூக்கு, உதடு எல்லாம் வெளியே தெரிகிறவை, கை எட்டுகிறவை. அண்ணம் இருட்டுக்குள் இருக்கிறது. தொட்டால் குமட்டும், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அங்கே ஊசி போடத் துணிவது லேசில்லை. அதனால் பல நூற்றாண்டுகள் அண்ணத்தை யாரும் தைக்கவில்லை, அடைத்தார்கள்.

அடைப்பதற்குச் செய்த சாதனத்தின் வம்சத்தில்தான் இன்றைக்கு என் வாயில் இருக்கும் பல்செட்டும் வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை வைத்தியர் ஆம்ப்ரோஸ் பாரே, அண்ணத்து ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தங்க அல்லது வெள்ளித் தகடு செய்தார். அதன் முதுகில் ஒரு துண்டு கடற்பஞ்சைச் சேர்த்தார். தகட்டை வாய்க்குள் வைத்தால் பஞ்சு ஓட்டைக்குள் நுழையும், ஈரத்தில் ஊதிக்கொள்ளும், தகடு விழாமல் நிற்கும். எளிமையான யோசனை. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1728இல் பியேர் ஃபோஷார் எழுதிய பல் வைத்தியப் புத்தகத்தில் இந்தத் தகடு இன்னும் முன்னேறியிருக்கிறது. ஓட்டைக்குள் போனதும் திருகாணியைத் திருப்பினால் இறக்கை மாதிரி விரிந்து பிடித்துக்கொள்ளும். தகட்டோடு பல் வரிசையையும் சேர்த்துச் செய்தார். அண்ணமும் பல்லும் ஒரே பொருளில். இந்தச் சாதனங்கள் முக்கியமாக என்னைப் போன்ற பிறவிக்காரர்களுக்காக வந்தவை அல்ல. சிபிலிஸ் நோய் தின்ற அண்ணங்களுக்கும், குண்டு துளைத்த அண்ணங்களுக்கும்தான் அப்போது கிராக்கி. பெரிய இடத்து ஆட்களுக்கு ஓட்டை விழுந்ததால் எங்களுக்கு மூடி கிடைத்தது.

தைத்த கதை 1819இல் வருகிறது. ஜான் ஸ்டீஃபன்சன் கனடாவின் மாண்ட்ரியல்காரர், மருத்துவ மாணவர், பிறவியிலேயே மெல்லண்ணம் பிளந்தவர். பாரிஸில் ஃபிலிபேர் ரூ என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். ரூ அவருடைய பேச்சைக் கேட்டு விசாரித்து, தைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஈதர் மயக்கம் வர இன்னும் இருபத்தேழு வருஷம் இருந்தது. ஸ்டீஃபன்சன் விழித்தபடி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் நின்றது. மறு வருஷம் எடின்பரோவில் பட்டத்துக்கு அவர் எழுதிய லத்தீன் ஆய்வேடு தன் அண்ணத்தைத் தைத்த அதே அறுவையைப் பற்றியது. பிறகு மாண்ட்ரியல் திரும்பி நண்பர்களோடு சேர்ந்து மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையானது. அங்கே அவர் உடற்கூறு விரிவுரை செய்தார். விரிவுரை! மூக்கால் பேசிய ஆள் மாணவர்கள் முன்னால் நின்று மணிக்கணக்கில் பேசுவது. இந்த வரலாற்றில் எனக்குப் பொறாமை வருகிற ஒரே ஆள் இவர்தான்.

அண்ணத்தைத் தைத்தால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. பல் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிளவு உதட்டிலிருந்து அண்ணத்துக்குப் போகிற வழியில் ஈறையும் அதன் அடி எலும்பையும் பிளந்துகொண்டுதான் போகிறது. அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல் முளைக்காது, அல்லது கூடுதலாக ஒன்று முளைக்கும், அல்லது திரும்பிக்கொண்டு குறுக்கே முளைக்கும். எனாமல் சரியாகக் கூடியிருக்காது. பிளவின் ஓரத்துப் பல்லுக்கு ஒரு பக்கம் எலும்பே இருக்காது. அதோடு, தையலின் தழும்பு கெட்டியானது, வளராது. சுற்றியுள்ள எலும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேல்தாடை சின்னதாகவே நின்றுவிடும். கீழ்த்தாடை தன் பாட்டுக்கு வளர்ந்து முன்னால் வந்துவிடும். மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றையொன்று சந்திக்காது. இடுப்பிலிருந்து எலும்புத் துணுக்கு எடுத்து ஈற்றுப் பிளவில் நிரப்பும் முறை 1970களிலும் 80களிலும்தான் உலகில் பரவியது. நிலைக்கோரைப் பல் முளைப்பதற்கு முன்னால், ஒன்பது பத்து வயதில் செய்ய வேண்டியது அது. என் வயதுக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பேருந்தைப் பார்க்கவே இல்லை.

கோர்வைத் தறியில் ஓரத்து நாடாவைத் தள்ளுவதற்கு ஒரு கைத்துணை வேண்டும். சிறுவயதில் அது நான். தறிச் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை, ஆகவே அந்த இடம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. பின்னாலே தனித் தறி, வெற்றிலை பாக்கு, அப்புறம் சுகர். ஐம்பத்தி மூன்று வயதில் மேல்வரிசையில் மிஞ்சியிருந்தது பதினொரு பல். பல் டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயசு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “அங்கிள், இதுல ஒம்போது ஆடுது. வெச்சிக்கிட்டிருந்தா இருக்கற எலும்பும் போயிடும்” என்றார். எல்லாத்தையும் எடுத்துடுங்களேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் இந்தக் கட்டுரைக்கான விதை இருந்தது.

மேல்பல்செட்டு எப்படி விழாமல் நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பசை போட்டெல்லாம் இல்லை. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பிரிக்க வராது, அதே கதைதான். அண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிசாக எச்சில், சுற்றி ஓரத்தில் காற்றுப் புகாத அடைப்பு. வளைவான, முழுசான அண்ணம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். எனக்கு அண்ணம் தட்டை, தழும்பு வரி வரியாக ஓடுகிறது, நடுவில் ஓட்டை, ஓட்டை வழியாக மூக்கின் காற்று. எப்படிப் பிடிக்கும்? அதனால் பின்னால் இருந்த இரண்டு கடைவாய்ப் பல்லை மட்டும் கம்பி மாட்டுவதற்காக விட்டுவைத்து, ஒன்பதை இரண்டு தவணையில் எடுத்தார். பிளவோரத்துப் பல் கூழில் நட்ட குச்சி மாதிரி வந்துவிட்டது. ஊசி போட்டதுதான் வலி. மற்றவர்கள் முப்பத்திரண்டு பல்லோடு ஆரம்பித்து இழக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கே எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் டிரேயில் கிடந்ததைப் பார்த்தபோது தொண்டையை அடைத்தது. கோணலாக இருந்தாலும் என்னுடையவை.

புண் ஆறியதும் அளவு எடுத்தார்கள். ஓட்டைக்குள் அச்சுமாவு போய் மூக்கில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று முதலில் வாசலின் தடவிய துணித்துண்டை வைத்து அடைத்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பாரேயின் பஞ்சு நினைவுக்கு வந்தது. அந்த மாவின் பெயர் ஆல்ஜினேட், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அதற்கு முன்னால் அகர் என்ற வேறு பாசிப் பொருளை உபயோகித்தார்கள். அது ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றுபோனதால் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. மன்னார் வளைகுடாக் கரையில் ஆல்ஜினேட்டுக்கான பாசியை நம் ஆட்களே கடலில் இறங்கிப் பறிக்கிறார்கள்.

அச்சு காய்ந்து, மெழுகில் பல் அடுக்கிப் பார்த்து, கடைசியில் ரோஸ் நிற அக்ரிலிக்கில் செட்டு வந்தது. 1930களின் கடைசியில்தான் இந்த அக்ரிலிக் பல் உலகத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் கெட்டி ரப்பர், வல்கனைட். தங்கத்திலும் தந்தத்திலும் பல் கட்டிய காலத்தில் அது பணக்காரர்கள் சமாச்சாரம். ரப்பர் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்குப் பல்செட்டு கட்டுப்படியானது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி அதன் காப்புரிமையை வைத்துக்கொண்டு பல் வைத்தியர்களையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்தது. 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியர் அந்தக் கம்பெனியின் பொருளாளரைச் சுட்டே கொன்றுவிட்டார். மலிவான பல்லுக்கு இப்படியொரு விலை. அந்தக் காலத்திலேயே நியூயார்க்கில் நார்மன் கிங்ஸ்லி என்ற பல் மருத்துவர், சிற்பியும்கூட, மிருதுவான ரப்பரில் செயற்கை மெல்லண்ணம் செய்தார். பேசும்போது தொண்டைச் சதையோடு சேர்ந்து அதுவும் அசையும்.

இந்த மாதிரிச் சாதனத்தோடு வாழ்ந்தவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். பிறவியால் அல்ல, சுருட்டால். 1923இல் புற்றுநோய்க்காக மேல்தாடையிலும் அண்ணத்திலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்தை அடைக்க பல் வைத்த ஒரு பெரிய அடைப்பான். வீட்டில் அதற்கு ‘ராட்சசன்’ என்று பெயர். மாட்டவும் கழற்றவும் மகள் அன்னா உதவ வேண்டியிருந்தது. சாகும்வரை, பதினாறு வருஷம், அதை மாற்றி மாற்றிச் செய்தும் சரியாகப் பொருந்தவில்லை. மனிதர்களைப் பேசவைத்தே வைத்தியம் பார்த்தவருக்குப் பேசுவதே பாடாகிப்போனது. 1938 டிசம்பரில் பிபிசிக்காக அவர் ஆங்கிலத்தில் பேசிய சின்ன ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வார்த்தையையும் தள்ளித் தள்ளி வெளியே அனுப்புகிறார். மற்றவர்களுக்கு அது கிழவரின் குரல். எங்களைப் போன்றவர்களுக்கு அது தகட்டின் குரல், உடனே தெரிந்துவிடும்.

அதற்கு வியன்னா வரைக்கும் போகவேண்டியதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் காரப்பேட்டையிலேயே அண்ணா பெயரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புகையிலை போட்டு வாய் வெந்தவர்கள் எங்கள் தெருவிலிருந்தே அங்கே போயிருக்கிறார்கள். மேல்தாடையை எடுத்தவர்களுக்குத் தேவைப்படுவதும் இதே அடைப்பான்தான். என் செட்டைப் பற்றி ஊரில் என்னோடு சரிசமமாகப் பேசக்கூடிய ஒரே ஆள், அப்படி அறுவை முடிந்து வந்த ஒரு பெரியவர். “தம்பி, உனக்கு ரசம் நிக்குதா?” என்பார். எங்கள் இருவருக்கும் அதுதான் நலம் விசாரிப்பு.

இன்றைக்குப் பிறக்கிற குழந்தைக்கு நிலைமை வேறு. இரண்டாயிரத்தை ஒட்டி ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகள் இந்தியாவில் இலவச அறுவைக்குப் பணம் தர ஆரம்பித்தன. 2013இலிருந்து மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் இருக்கின்றன. மிர்ஸாப்பூர்ப் பக்கத்துச் சிறுமி பிங்கியின் உதட்டு அறுவையைப் பற்றிய ஆவணப்படம் 2009இல் ஆஸ்கார் வாங்கியது. நல்ல படம்தான், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த மாதிரிப் படங்களும் சுவரொட்டிகளும் முடிகிற இடம் எப்போதும் ஒன்றே. முன்னால் பிளந்த உதடு, பின்னால் சிரித்த முகம். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் பேச்சுப் பயிற்சி வேண்டும், காதில் நீர் கோக்கும், அதைப் பார்க்க வேண்டும், எலும்பு வைக்க வேண்டும், பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டும், பதினெட்டு வயதுக்கு மேல் தாடையை நகர்த்த வேண்டியிருக்கலாம். திருச்சூர் ஜூபிலி மிஷனில் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையைச் செய்த டாக்டர் அடென்வாலா போன்றவர்கள் உதட்டோடு நிறுத்தாமல் பல், பேச்சு என்று எல்லோரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட இடங்கள் இன்னும் கொஞ்சம்தான். குழந்தைக்கு இருக்கிற திட்டம் ஐம்பத்தி மூன்று வயதுக்காரனுக்கு இல்லை. என் செட்டுக்கு ஆன பணம் இரண்டு சேலைக் கூலியைத் தாண்டியது. அவன் பல் போய் நிற்பது வயசுக் கோளாறு என்று எழுதிவிடுகிறார்கள். வயசு இல்லை அது, பிறந்த நாளிலிருந்து வந்துகொண்டிருந்த பாக்கி.

செட்டு மாட்டிய முதல் வாரம் பேச்சு இன்னும் மோசமானது. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘த’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும். ‘வ’வுக்கு மேல்பல் கீழுதட்டில் படிய வேண்டும். என் பழைய பற்கள் உள்வாங்கி இருந்ததால் நாக்கு வேறு ஏதோ இடத்தைத் தொட்டே நாற்பது வருஷம் ஓட்டியிருந்தது. இப்போது பல் சரியான இடத்தில் இருக்கிறது, நாக்குக்குத்தான் விலாசம் தெரியவில்லை. டாக்டர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். தறிக்குழியில் உட்கார்ந்து தினத்தந்தி படித்தேன். ஓட்டையைத் தகடு மூடிவிட்டதால் முன்வாயில் காற்று நிற்கிறது. அதை நான் முதலில் கவனித்தது ஒரு ‘ப’வில். மெல்லண்ணக் கதவு இன்னும் சரியாக மூடாது, மூக்கொலி முழுசாகப் போகாது, அதற்குத் தகடு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனாலும் ‘ப’ என்று உதட்டில் வெடித்தது. எதிரில் பிடித்த காகிதம் அசைந்தது.

ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறு ஓய்வெடுக்க. அதற்கப்புறம் வருகிற போனை எடுப்பதில்லை. என் பேத்திக்கு இரண்டு வயதாகிறது. பாப்பா, பாட்டி, பப்பாளி என்று அவளுக்கு எல்லாமே ‘ப’. பகலில் அவளோடு சேர்ந்து நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.